எதிர் மரை

பழைய இரும்புக் கடைக்காரர் பிக்கப் வண்டியின் முன் கம்பியில் சங்கிலியை மாட்டி முடித்த நேரத்தில்தான் தங்கச்சி மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். கையில் சீட் துணி வெட்டுகிற பெரிய கத்தரி. ஆயுதமாக ஒன்றும் எடுத்து வரவில்லை. வேலை நடுவில் சத்தம் கேட்டு ஓடி வந்ததில் கையோடு வந்துவிட்டது. கடைக்காரருக்கு அது எப்படித் தெரியும்? அவர் இரண்டடி தள்ளியே நின்றுகொண்டார்.

"உங்க அண்ணன்தாம்மா எடுத்துட்டுப் போகச் சொன்னாரு."

"அவரு சொல்லுவாரு. நீங்க சங்கிலியக் கழட்டுங்க."

"எடைக்குப் பேசி முடிச்சாச்சும்மா."

"பேசினது அவருகிட்ட. இழுத்துட்டுப் போகணும்னா என்னைத் தாண்டித்தான் போகணும்."

கடைக்காரர் கத்தரியை ஒரு பார்வை, அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார்.

"இவ பிடிவாதத்துக்கு அளவே இல்ல. ஒத்தக் கால்ல நின்னா நின்னதுதான்," என்று சொல்லிவிட்ட அண்ணி, நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். ஜன்னலோர நாற்காலியில் அவள் புருஷன் எதையும் கேட்காதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அவன் லாரி ஓட்டியவன். ஒரு கிடங்கில் சரக்கு இறக்கும்போது பின்னால் வந்த லாரிக்கும் சுவருக்கும் நடுவில் இடது கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காயம் ஆறிவிட்டது, மனுஷன்தான் ஆறவில்லை. சாப்பாடு அந்த நாற்காலியில், மாத்திரை அந்த நாற்காலியில், எரிந்து விழுவதும் அதில் உட்கார்ந்தபடியேதான். அவனுக்கு வருத்தம் வந்துவிடுமே என்று வீட்டில் எல்லோரும் பேச்சைச் சல்லடையில் சலித்துச் சலித்துப் பேசினார்கள். கால் வைக்க இடமில்லை என்றுகூட யாரும் சொல்வதில்லை. லாரி, பாதை, பிரேக், டயர் என்ற சொற்களெல்லாம் வீட்டை விட்டே போய்விட்டன. பாசம் என்று நினைத்துத்தான் செய்தார்கள், பாவம்.

பிக்கப், லாரிக்கு முன்னால் இளவட்ட வயதில் அவன் வாங்கியது. வாங்கும்போதே அவனைவிட மூத்த வண்டி. உருண்டைக் கண் விளக்கு, தடித்த மூக்கு, பின்னால் மரப்பலகைத் தொட்டி. லாரி வந்த பிறகு தகரக் கொட்டகையில் கிடந்து துருவேறிப் போயிற்று.

தங்கச்சிக்கு ஒரே எண்ணம். இந்த வண்டி ஓடினால் அண்ணன் எழுந்திருப்பான். இது உலைக்குப் போனால் அவனும் அந்த நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவான். இது என்ன நியாயம் என்று அவளிடம் கேட்டுப் பயனில்லை. அவள் பிடித்தால் உடும்புப் பிடி. மறுநாளே வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைத் தெருவுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

அந்தத் தெருவில் எல்லாப் பட்டறைக்கும் அவள்தான் சீட் தைப்பாள். அதில் ஒரு மெக்கானிக்குக்கு 'ஆகாது' என்று பெயர். எந்த வேலை போனாலும் முதல் வார்த்தை அதுதான். ஆகாது என்று சொல்லாமல் அவர் ஒரு வேலையைத் தொட்டதாகச் சரித்திரமே இல்லை.

"இதுக்கு இனிமே சாமான் எங்கயும் கிடையாது, தங்கச்சி. ஆகாது."

"நான் தேடித் தரேன்."

"கிளட்ச் மிதிக்க உங்க அண்ணனுக்கு..."

"கையால இழுக்கிற மாதிரி மாத்திடுவோம்."

"ஆகவே ஆகாது," என்றபடி அவர் பானட்டைத் திறந்தார்.

"ஒண்ணே ஒண்ணு, அண்ணே. வேலை முடியற வரைக்கும் எங்க அண்ணன்கிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது. பாவம், மனசு நோகும்."

பிறகு தேடல் தொடங்கியது. இந்த வண்டியைச் செய்த கம்பெனியே மூடிப் போயிருந்தது. கம்பெனி போனால் என்ன, ரேடியேட்டருக்கு வண்டிதானா வேண்டும்? கல்யாண மண்டபம் ஒன்றில் பழைய ஜெனரேட்டரைக் கழித்துக் கட்டினார்கள். அதன் ரேடியேட்டர் அகலத்தில் சரியாக இருந்தது, உயரத்தில் கொஞ்சம் துருத்தியது. தாங்கும் கம்பியை அறுத்துத் தாழ்த்தி வைத்தார்கள். முன் கண்ணாடியைப் பிடிக்கும் ரப்பர், பிரித்துப் போட்ட ஆம்புலன்ஸிலிருந்து வந்தது. கதவுக் கைப்பிடி ஒன்று கிடைக்கவே இல்லை. கடைசியில் ஒரு ஐஸ் பெட்டியின் கைப்பிடியை மாட்டினாள். மெக்கானிக் சிரித்தார்.

"கதவத் தொறந்தா உள்ள குளிரும் தங்கச்சி."

"குளிரட்டும். ஓடினா போதும்."

ஊரிலிருந்த உடைசல் குவியல் ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். கையெல்லாம் கீறல். சீட் தைக்கக் கொடுத்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள், அதையும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு மரை கழண்டுவிட்டது என்று தெருவே பேசியது. பழைய பஸ் ஒன்றின் கைப்பிரேக் கம்பியை அறுத்து, ஓட்டுநர் இருக்கையின் இடப்பக்கம் நிறுத்தி, அதை இழுத்தால் கிளட்ச் அசையும்படி ஒரு தண்டை இணைத்தபோது, மெக்கானிக் வாயிலிருந்தே "ஆகும்போல இருக்கே" என்று வந்தது.

மிச்சம் இருந்தது பிரேக். அதைப் பார்க்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். வலப்பக்கம் இரண்டும் நல்ல பிள்ளையாகக் கழன்றன. இடது முன் சக்கரம் அசைய மறுத்தது. எண்ணெய் விட்டார்கள். சூடு காட்டினார்கள். ஸ்பேனருக்கு நீளக் குழாயைச் சொருகி மெக்கானிக் தொங்கினார், கூடவே அவளும் தொங்கினாள். மடக்கென்று ஒரு சத்தம். நட்டு கழலவில்லை, அது உட்கார்ந்திருந்த போல்ட்டே ஒடிந்து கீழே விழுந்தது. இன்னொன்றில் முயன்றார்கள். அதுவும் ஒடிந்தது.

மெக்கானிக் குழாயைக் கீழே வைத்தார்.

"துரு பிடிச்சு ஒண்ணா வளர்ந்துபோச்சு தங்கச்சி. மீதியும் இப்படித்தான் ஒடியும். பிரேக் இல்லாம வண்டியக் குடுக்க மாட்டேன். ஆகாது."

இந்த ஆகாது வேறு ஆகாது. அவர் குரலில் விளையாட்டு இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். சோறு இறங்கவில்லை. கை முழுக்கக் கிரீஸ். அண்ணிதான் தாங்காமல் கேட்டாள், "என்னாச்சுடி?" தங்கச்சிக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. மூச்சு விடக் கூடாது என்று ஊருக்கே உத்தரவு போட்டவள் தானே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"முடியலண்ணி. இடது சக்கரத்துல ரெண்டு போல்ட் ஒடிஞ்சுபோச்சு. அவ்வளவுதான். இரும்புக் கடைக்காரனையே வரச் சொல்லுங்க."

நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"எந்தப் பக்கம் திருப்புனீங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்தப் பக்கம்னா... எப்பவும் கழட்டற பக்கந்தான்."

அண்ணன் அவளையே பார்த்தான். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு குலுங்கியது. அவன் சிரிக்கிறான் என்று புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அடி மரை கழண்டவளே! அந்த வண்டிக்கு இடது பக்கம் எதிர் மரைடி. ஓடும்போது தானா கழண்டுடக் கூடாதுன்னு அப்படி வெச்சிருப்பான். கழட்டறேன்னு நெனச்சு ரெண்டு பேரும் தொங்கித் தொங்கி இறுக்கியிருக்கீங்க. ஒடியாம என்ன செய்யும்?"

தங்கச்சி வாயைப் பிளந்தாள்.

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

சிரிப்பு நின்றது.

"கேட்டியா?" என்றான். "என் வண்டி. வருஷக்கணக்கா நான் கழட்டி மாட்டின சக்கரம். தெருவுல இருக்கிறவங்களையெல்லாம் கேட்ட. என்னை ஒரு வார்த்தை கேட்டியா? போனது கால்தான் பாப்பா. மூளையக் கூடவா வெட்டி எடுத்துட்டாங்க?"

தங்கச்சிக்கு வெட்கமாக இருந்தது. அவன் மனசு நோகக் கூடாதென்று தான் பொத்திப் பொத்திச் செய்த ஒவ்வொன்றும் அவனை அந்த நாற்காலியில் இன்னும் ஆழமாக அழுத்தியிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"இப்பக் கேக்கறேன். நாளைக்குப் பட்டறைக்கு வரியா?"

"வராம? ஒத்தக் கால்ல நிக்கிறது நானு. பிடிவாதத்த மட்டும் நீ வெச்சுக்கிட்டா எப்படி?"

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் அவன் ஊன்றுகோலோடு பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் சக்கரத்தடியில் கவிழ்த்த டிரம்மில் உட்கார்ந்து, மீதி நட்டுகளை எதிர்ப்பக்கம் திருப்பிக் கழற்றினான். மெக்கானிக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒடிந்த இரண்டுக்கும் மாற்றாக எதிர் மரை போல்ட் வெட்டித் தர லேத் பட்டறையில் சொல்லியாயிற்று. பிறகு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தான். பஸ் கைப்பிரேக்கில் செய்த கிளட்ச் கம்பியை இடது கையால் இழுத்தான். கியர்க் கம்பியைப் பார்த்தான். ஸ்டியரிங்கைப் பார்த்தான்.

"வலது கை ஸ்டியரிங்ல. இடது கை கிளட்ச இழுத்துப் பிடிச்சிருக்கு. சரி, கியரை யாரு மாத்துறது? எனக்குக் கால் ஒண்ணு குறைஞ்சிருக்கு. கை ஒண்ணு கூடவா முளைச்சிருக்கு?"

மெக்கானிக்கும் தங்கச்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனை நாள் பாடுபட்டுப் பொருத்திய கம்பி! இரண்டு பேருக்கும் இரண்டு கால் இருந்ததால் இது தோன்றவே இல்லை.

"கழட்டுங்க இத," என்றான் அண்ணன். "கியர்க் கம்பிலயே ஒரு பிடி வைங்க, சைக்கிள் பிரேக் மாதிரி. விரலால கிளட்ச், உள்ளங்கையால கியர்."

"விரல் பலத்துக்கு இந்த கிளட்ச் அசையாதுப்பா. ஆகாது."

"பழைய வேன் பிரேக்ல, மிதிக்கிற பலத்தக் கூட்டுற பூஸ்டர் இருக்கும்ல? அத கிளட்சுக்குத் திருப்பி விடுங்க. ஆகும்."

தங்கச்சி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். மறுபடியும் உடைசல் குவியல், மறுபடியும் கீறல். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்து, வேண்டாம் என்றால் வேண்டாம் என்றான், முகத்துக்கு நேரே. இரண்டு பேரும் பட்டறையே அதிரச் சண்டை போட்டார்கள். பூஸ்டர் மூன்றாவது ஆளிடம்தான் ஒழுங்காகக் கிடைத்தது. அதற்கும் ஒரு தாங்கி செய்து, அதையும் ஒரு தடவை பிரித்து மாட்டினார்கள். புது போல்ட் வந்தது, பிரேக்கும் சரியாயிற்று.

வாகனச் சோதனை அதிகாரி கிளட்ச் பிடியைத் தானே இழுத்துப் பார்த்து அனுமதி கொடுத்த மறுநாள் காலை, தங்கச்சி நல்ல உடை உடுத்திக்கொண்டு வந்தாள். இத்தனை காலமும் அவள் மனதில் ஓடிய படம் இதுதான்: அண்ணன் ஓட்ட, பக்கத்தில் அவள். ஓடிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்தாள். அண்ணன் எட்டி அதைச் சாத்தினான்.

"நீ வேண்டாம்."

"என்னது?"

"தனியாப் போறேன்."

"நடுவழியில நின்னுட்டா?"

"நின்னா இறங்கிப் பாப்பேன்."

"எங்க போறே, அதையாவது சொல்லேன்!"

"போனாத்தான் எனக்கே தெரியும்."

விரல் பிடியை இழுத்தது, உள்ளங்கை கியரைத் தள்ளியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, பட்டறை வாசலைத் தாண்டி, தெருமுனையில் திரும்பிப் போய்விட்டது. தங்கச்சிக்கு அப்படி ஒரு கோபம். சீட் தைத்தவளுக்கு உட்கார இடமில்லையாம்! அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"கிளம்பிட்டீங்களா? உங்க அண்ணன் எங்க?"

தங்கச்சி காலித் தெருவைப் பார்த்தாள்.

"தெரியல அண்ணி."

விபத்துக்குப் பிறகு அவன் எங்கே இருக்கிறான் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

"தெரியலையா?" என்று அண்ணி மறுபடி கேட்டாள்.

"தெரியல அண்ணி! சத்தியமா எனக்குத் தெரியல!" என்று தங்கச்சி நடுத்தெருவில் நின்று சிரித்துக்கொண்டே கத்தினாள்.