வெயில் வந்த பக்கம்

கார் ஏழெட்டு முறை திரும்பியது. அவள் மூன்று வரை எண்ணினாள். பிறகு விட்டுவிட்டாள்.

“குழப்பறதுக்குன்னே சுத்தறீங்களா, வாத்தியாரே?”

“ஆமாக்கா. டிரைவருக்கே எங்க இருக்கோம்னு தெரியல.”

ஓட்டுநர் சிரித்தார். வாத்தியார் என்பது அவள் வைத்த பெயர். பார்வையில்லாதவர்களுக்குத் தெருவில் தனியாக நடக்கக் கற்றுத்தரும் பயிற்சியாளன். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன். ஆறு மாதமாக வாரம் மூன்று நாள் அவளை நடக்க வைத்தான். இன்று தேர்வு.

கார் நின்றது. அவள் இறங்கி, மடித்திருந்த வெள்ளைக்கோலை உதறி நீட்டினாள்.

“உங்க ஆபீஸ் ஏரியாக்குள்ளதான் ஒரு இடம். எதுன்னு சொல்ல மாட்டேன். நாப்பத்தஞ்சு நிமிஷத்துல ஆபீஸ் வாசலுக்கு வந்துடணும். யார்கிட்டயும் வழி கேக்கக் கூடாது. போனை எடுக்கக் கூடாது. நான் இருபது அடி பின்னால வருவேன், வாயைத் திறக்க மாட்டேன். ‘நில்லுங்க’ன்னு ஒருதடவை கத்தினேன்னா தேர்வு அங்கயே முடிஞ்சது.”

“கத்தாம இருங்க.”

“மணி ஒம்பது. போங்க.”

கண் போய் இரண்டு வருடம் கழித்து, திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தில் புகார்ப் பிரிவு. தொலைபேசியில் திட்டுகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும் வேலை. அதற்குக் கண் தேவையில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. துணையில்லாமல் வந்துபோக முடியும் என்று பயிற்சியாளன் கையெழுத்திட்ட சான்று மட்டும் வேண்டும். இன்று வெள்ளி. தவறினால் அடுத்த தேர்வு மூன்று மாதம் கழித்து. அதுவரை அந்த நாற்காலியைக் காலியாக வைத்திருக்க மாட்டார்கள்.

காலையில் கணவர் கேட்டார்: “நான் வேணா ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கட்டுமா?”

“நின்னா எனக்கு எப்படித் தெரியும்?”

அவர் அவளெதிரில் சிரிக்கவில்லை. குளியலறைக்குள் போய்ச் சிரித்தார்.

பதினோரு வருடம் அவள் இங்கே வந்துபோயிருக்கிறாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து அலுவலகம் வரை இருநூறு மீட்டர். மற்ற தெருக்களைக் கண் இருந்தபோது அவள் பார்த்ததேயில்லை. தெரிந்தது ஒன்றுதான். வட்டாரத்தின் கிழக்கு ஓரம் பேருந்துச் சாலை. அலுவலகம் அந்தச் சாலையில் இருக்கிறது. எங்கே இறக்கிவிட்டாலும் கிழக்கே நடந்தால் போதும்.

காலை ஒன்பது மணிக்குக் கிழக்கைக் கண்டுபிடிக்கக் கண் வேண்டாம். முகத்தை மெல்லத் திருப்பினாள். நெற்றியில் வெயில் சுள்ளென்று விழுந்தது. அந்தப் பக்கம் நடந்தாள்.

கோலின் சத்தம் பக்கத்துச் சுவரைப் பொறுத்து மாறியது. கருங்கல்லில் மந்தமாக. கண்ணாடியில் கூர்மையாக. ஒரு தானியங்கிக் கதவு அவளுக்காகத் திறந்து, குளிர்ந்த காற்றை அவள்மேல் கொட்டிவிட்டு மூடிக்கொண்டது. நகலெடுக்கும் கடையைத் தாண்டினாள். சூடான தாளின் வாசனை. எங்கோ நிலவறையிலிருந்து எச்சரிக்கை மணி அடித்தது. நின்றாள். கார் ஒன்று சரிவில் ஏறி வந்து, அவள் முன்னால் திரும்பிப் போனது. எதிரே வந்த காலணிகள் எல்லாம் அவசரத்தில் இருந்தன. குதிகால் செருப்பு ஒன்று, “அந்த ஃபைலைத் தொட்டான்னா கையை ஒடிச்சுடுவேன்” என்று போனில் சொல்லிக்கொண்டே கடந்தது.

இரண்டு சாலைகளைக் கடந்தாள். இந்நேரம் பேருந்துகளின் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. கைக்கடிகாரத்தை அழுத்தினாள். ஒன்பது பதினான்கு என்றது.

நின்றாள். நின்றதுதான் தப்பு.

“எங்கம்மா போகணும்?” வயதான ஆண்குரல்.

“எங்கயும் இல்லைங்க.”

“எங்கயும் இல்லைன்னா?”

“சும்மா நிக்கறேன்.”

“ஆபீஸ் நேரத்துல, நடைபாதை நடுவுல, சும்மாவா?”

ஒரு பெண்குரல் சேர்ந்தது. “வழி தவறிட்டாங்க போல. கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க சார்.”

“எங்கேன்னு கூட்டிட்டுப் போறது? சொல்ல மாட்டேங்கறாங்களே.”

“வழி கேக்கக் கூடாதுங்க,” என்றாள் அவள்.

“யார் சொன்னா?”

“வாத்தியார்.”

“மண்டையிலயும் ஏதோ…” என்று பெண்குரல் தாழ்ந்தது.

“கண்ணு மட்டும்தாங்க போச்சு. காது நல்லா இருக்கு.”

“அட, அவங்க பேச்சு கிடக்குது,” என்றார் பெரியவர். “நிக்கறதுன்னா நிழல்லயாவது நில்லுங்கம்மா. அந்தக் கண்ணாடிக் கட்டடத்துல பட்டு வெயில் நேரா உங்க மூஞ்சியில அடிக்குது. சூரியன் என்னவோ உங்க முதுகுப் பக்கம், அந்த உயரமான கட்டடத்துக்குப் பின்னால கிடக்கு. என்ன கட்டடம் கட்டறானுங்களோ.”

அவள் ஒரு கணம் அசையவில்லை.

“ரொம்ப நன்றிங்க.” அப்படியே திரும்பி, வந்த வழியே நடந்தாள்.

“பாருங்க, கோவிச்சுக்கிட்டாங்க,” என்றது பெண்குரல்.

வேகமாக நடந்தாள். நகல் கடை மறுபடி வந்தது. இறங்கிய இடத்தைத் தாண்டினாள். அதற்கப்பால் பேருந்துகள் பிரேக்கின் காற்றை விட்டு நிற்கும் ஓசை கேட்டது. நிறுத்தத்தின் ஒலிபெருக்கி தட எண்களைப் படித்தது. பிறகு அந்த இருநூறு மீட்டர். அலுவலகத்தின் சுழல்கதவு ரப்பர் உரசச் சுற்றிக்கொண்டிருந்தது.

“முப்பத்திநாலு நிமிஷம்.” பயிற்சியாளனுக்கு மூச்சு வாங்கியது. “என்னை ஓட விட்டுட்டீங்கக்கா.”

படியில் உட்கார்ந்தார்கள். நோட்டின் தாள் புரண்டது.

“அந்த இடம் நான் வேணும்னே எடுத்தது. ஒம்பது மணிக்கு அங்க வெயில் எதிர்ப்பக்கத்துலேர்ந்துதான் வரும். இதுவரைக்கும் ஆறு பேரை இறக்கி விட்டிருக்கேன். ஒருத்தர்கூடத் தப்புன்னு தெரிஞ்சு திரும்பினதில்ல. கூட்டம் சேந்ததும் நான் தள்ளி நின்னுட்டேன், ஒண்ணும் காதுல விழல. எப்படிப் பிடிச்சீங்க? சொல்லுங்க, எழுதிக்கறேன். அடுத்து வர்றவங்களுக்குச் சொல்லித் தரணும்.”

பதில் சொல்வது கடினமில்லை. கண்ணாடி வெயில் கொஞ்சம் மெலிசு, விட்டுவிட்டு விழும் என்று சொல்லலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அவன் எழுதிக்கொள்வான். அடுத்த ஆள் அதை நம்பி ஒரு சாலையில் இறங்குவார்.

“நான் பிடிக்கல. நிழல்ல நில்லுங்கன்னு ஒருத்தர் சொன்னார். கண்ணாடில பட்டு வர்ற வெயில்னார்.”

பேனா நின்றது.

“நீங்க கேட்டீங்களா?”

“இல்ல.”

“அவர் சொல்லலைன்னா?”

“போய்க்கிட்டே இருந்திருப்பேன்.”

“அந்தப் பக்கம் மீன் மார்க்கெட்.”

“வெறுங்கையோட வந்திருக்க மாட்டேன்.”

அவன் சிரித்தான். ஆனால் கையெழுத்துப் போடும் சத்தம் கேட்கவில்லை.

“நீங்க கேக்கல. விதிப்படி தேர்ச்சிதான்,” என்றான். “ஆனா திங்கக்கிழமை அவர் அங்க நிப்பாரா?”

அவள் கோலை மடிக்க ஆரம்பித்தாள்.

“பதினோரு நிமிஷம் மிச்சம் இருக்கு. வேற பக்கம் இறக்கி விடறேன்.”

“கல்நெஞ்சுக்காரர் நீங்க.”

“ஆமாக்கா. எழுந்திருங்க.”

கார் நாலு முறை திரும்பியது. இறங்கியதும் இடக்கன்னத்தில் வெயில். அவள் நகரவில்லை. பின்னால், தூரத்தில், ஒரு பேருந்து காற்றை விட்டது. வெயில் ஒரு பக்கம் சொன்னது, பேருந்து வேறு பக்கம் சொன்னது. இன்னொரு பேருந்துக்காகக் காத்திருந்தாள். ஒரு நிமிடம் முழுதாகப் போனது. அதுவும் பின்னால்தான் நின்றது. திரும்பி நடந்தாள்.

முதல் சாலையில் வண்டிகள் ஓய்ந்ததும் ஒரு கால் இறக்கினாள். தவறான பக்கத்திலிருந்து சத்தமில்லாத எதுவோ வருவதைக் காற்றில் உணர்ந்து காலை இழுத்தாள். மின்சார ஸ்கூட்டர். முழங்காலை உரசாத குறையாகப் போனது. பின்னால் யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். ‘நில்லுங்க’ வரவில்லை. அவள் மறுபடி காதுகொடுத்துக் கேட்டாள். கடந்தாள்.

சுழல்கதவின் முன் வந்து நின்றாள்.

“பத்து நிமிஷம்,” என்றான். தாளைத் தொடைமேல் வைத்து அழுத்தினான். கீறும் சத்தம். மறுபடி கீறினான்.

“என்ன, மனசு மாறிட்டீங்களா?”

“பேனா எழுத மாட்டேங்குதுக்கா.”

அவள் கைப்பைக்குள் துழாவினாள். அடியில் ஒன்று கிடந்தது. இரண்டு வருடமாக யாரும் தொடாதது. கொடுத்தாள். அவன் தாளின் ஓரத்தில் இரண்டு முறை கிறுக்கிப் பார்த்தான். எழுதியது.