உஷ் சாரின் சுட்டுவிரல்

யானைக்குத் தும்பிக்கை, தேளுக்குக் கொடுக்கு, அந்தக் கல்லூரியின் நூலகருக்கு வலக்கைச் சுட்டுவிரல். அதை உதட்டின்மேல் வைத்து அவர் ஒருமுறை "உஷ்" என்றால் போதும், எப்பேர்ப்பட்ட கூச்சலும் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அப்படித்தான். மாணவர்கள் அவருக்கு இட்ட பெயர் உஷ் சார். அது அவருக்குத் தெரியும்; தெரிந்ததில் சற்றுப் பெருமையும் உண்டு. வீட்டில் மட்டும் அந்த விரல் செல்லாக்காசு.

அப்படிப்பட்ட சாது, பஞ்சு அடைத்த உடைக்குள் புகுந்து முரடனாக நிற்க நேர்ந்ததற்குக் காரணம் அவருடைய மகள். அதே கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் அவளுக்கு, வேறோர் ஊரில் ஆய்வுக்கூடப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. ஆறு மாதம், தனி அறை. அனுப்பத் தந்தைக்கு மனமில்லை. மறுக்கவும் வாய் வரவில்லை. ஒரு வாரமாக இழுத்த வழக்குக்கு, துணி மடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னவள் அவர் மனைவி.

"காலேஜ்ல தற்காப்பு வகுப்பு நடக்குதுல்ல? அதுல உங்கப்பாவைக் கீழ விழ வை. விழ வச்சா ஊருக்குப் போ. இல்லேன்னா பேசாம இங்கயே இரு."

"என்னையா?" என்றார் நூலகர்.

"உங்களைத்தாங்க. அடி வாங்க ஆள் கிடைக்கலையாம். சும்மா சுவர் மாதிரி நின்னா போதும்."

சுவர் என்றால் சுவர்தான், விழுவதாக இல்லை என்று நூலகர் மனத்துக்குள் உறுதி செய்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை உடற்பயிற்சிக் கூடத்தில் அவருக்கு மார்பிலும் முதுகிலும் மெத்தை கட்டினார்கள். தலையில் கம்பி முகமூடி. விரல்கள் மட்டுமே வெளியே தெரிந்தன. ஓட்டுக்குள் புகுந்த ஆமைக்குத் தான் சிங்கம் என்ற நினைப்பு வந்ததுபோல, அவருக்கும் ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

பயிற்சி கொடுத்த பெண்மணி ஈர்க்குச்சி போல இருந்தார். குரல் மட்டும் ரயில் ஊதல்.

"யாராவது பிடிச்சா முதல்ல என்ன பண்ணணும்?"

"கத்தணும்!" என்றது வகுப்பு.

"அப்புறம்?"

"விரலைப் பிடிச்சு மடக்கணும்! எவ்வளவு பெரிய ஆளுக்கும் விரல் சின்னதுதான் மேடம்!"

முதலில் வந்தவன் பளுதூக்கும் மாணவன். நூலகர் தயங்கித் தயங்கி அவன் மணிக்கட்டைத் தொட்டார். "மன்னிச்சுக்கோப்பா, பிடிக்கிறேன்."

"சார்! முரடன் மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டான்!" என்றார் பயிற்சியாளர்.

"கேட்டிருந்தா அவன் ஏம்மா முரடனாகப் போறான்?"

"தள்ளிப் போ!" என்று மாணவன் முழங்கினான். அவ்வளவுதான். பழக்கதோஷம் யாரை விட்டது? நூலகரின் விரல் தானாக எழுந்து முகமூடிக் கம்பியில் போய் நின்றது.

"உஷ்!"

மாணவன் வாயைப் பொத்திக்கொண்டான். வகுப்பே மூச்சடக்கி நின்றது. பயிற்சியாளர்கூடக் குரலைத் தாழ்த்தி, "ஏம்ப்பா நிறுத்திட்டே?" என்று கிசுகிசுத்தார்.

"தெரியல மேடம்," என்று அவனும் கிசுகிசுத்தான்.

அடுத்தவள் ஒருபடி மேலே போனாள். விரலைக் கண்டதும், "அந்தப் புத்தகத்தை நாளைக்கே கொடுத்துடறேன் சார்," என்று சொல்லிவிட்டு வரிசைக்கே திரும்பிவிட்டாள். மூன்றாவது ஆளிலிருந்து நூலகர் விரலை வேண்டுமென்றே தூக்கினார். ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேரும் அடங்கினார்கள். சுவர் அசையவில்லை. மகள் இனி எந்த ஊருக்கும் போகப்போவதில்லை என்று அவர் உள்ளம் கூத்தாடியது.

பத்தாவதாக மகள் வந்தாள். இம்முறை அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கையை இறுகப் பற்றினார்.

"விடுடா!" அவள் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"அப்பாவைப் பார்த்து 'டா'வா?"

"இப்ப நீங்க அப்பா இல்ல, முரடன்! விடுடா!"

விரல் எழுந்தது. "உஷ்!"

கூடம் முழுவதும் அடங்கியது, ஒருத்தியைத் தவிர. முதல் பல் முளைத்தபோது அவள் கடித்துப் பார்த்ததே அந்த விரலைத்தான்! அதற்கா பயப்படுவாள்? இன்னொரு கூச்சலோடு அதைப் பற்றி மடக்கினாள். நூலகர் சுழன்றார், சரிந்தார், மல்லாந்தார். கவிழ்த்துப் போட்ட ஆமையாய்க் கைகால்களை உதைத்தும் எழ முடியவில்லை.

"அப்பா! வலிக்குதா?"

"அது கிடக்கட்டும். அங்க போயும் இப்படிக் கத்துவியா?"

"கத்துவேன்ப்பா."

"இவ்வளவு சத்தமா?"

"இதைவிட."

அவர் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்: "அப்போ போயிட்டு வாம்மா. அதுக்கு முன்னாடி என்னை யாராவது தூக்கி விடுங்க."

மூன்று வாரம் விரலில் கட்டு. அந்த மூன்று வாரமும் நூலகம் சந்தைக்கடைதான். இடக்கை விரலை யாரும் மதிக்கவில்லை.

கட்டு அவிழ்ந்த மறுநாள் மகள் புறப்பட்டாள். பேருந்து நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டி, நிலையமே திரும்பிப் பார்க்கும்படி, "அப்பா! போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்!" என்று கூவினாள்.

நூலகரின் விரல் வழக்கம்போல் உதட்டை நோக்கி எழுந்தது. பாதி வழியில் நின்றது. பிறகு மற்ற நான்கு விரல்களையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, பேருந்து மறையும்வரை அசைந்துகொண்டிருந்தது.