படியிறங்கும் மதிப்பெண்கள்

லூ அம்மாள் வீட்டில் நான் கேள்வித்தாளைக் கிழித்துப் போடாமல் இருந்ததே பெரிய விஷயம்.

வெளிநாட்டில் எழுதிய கேள்விகள் அவை. செய்கிற காரியத்தில் மனம் நிற்கிறதா, அலைகிறதா என்று அளப்பதற்கு. அவற்றை எங்கள் வியட்நாம் மக்களுக்குப் பொருந்தும்படி மாற்றுவது என் வேலை. இரண்டு வருடமாக மல்லுக்கட்டுகிறேன். வேலை முடிந்தால், யாருக்குச் சிகிச்சை தேவை என்பதை இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் ஆஸ்பத்திரியில் முடிவு செய்வார்கள். குறைந்தால் நோயாளி.

எங்கள் துறைத் தலைவர் கியெம் சாருக்கு ஒரு விதி உண்டு. வீட்டில் யாரையும் தனியாக அழைத்துக் கேட்கக் கூடாது, மரியாதை இல்லை. எல்லோரையும் உட்காரவைத்து, மூத்தவரிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படித்தான் ஆரம்பித்தேன்.

"செய்யுற வேலையில கவனமா இருப்பீங்களாம்மா? ஆறுக்கு எத்தனை போடலாம்?"

"அஞ்சு போடு" என்றார் லூ அம்மாள், நிரம்பியிருந்த கோப்பையிலேயே மறுபடி தேநீரை ஊற்றிக்கொண்டு. மேஜையெல்லாம் ஓடியது.

மகன் நாலு என்றான். மருமகள் தோவா ஓடிவந்து மேஜையைத் துடைத்தாள். என் பை நனையாமல் நகர்த்தி வைத்தாள். போகிறபோக்கில் அடுப்பையும் தணித்துவிட்டு வந்து, "எனக்கு மூணு போடுங்கக்கா" என்றாள்.

"மூணா? இந்த வீட்டுல கண்ணு தொறந்திருக்கிறதே உனக்குத்தானேம்மா!" என்றேன்.

"அத்தையே அஞ்சு சொல்லியிருக்காங்க. நான் ஆறுன்னா நல்லாவா இருக்கும்?"

"அவளுக்கு மூணே ஜாஸ்தி" என்றார் மாமியார். "நேத்து மீன் குழம்புல உப்பே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள், தோவாவும்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அலுவலகத்துக்கு வந்து பழைய தாள்களைப் பரப்பிப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு அதே கதை. தாத்தாவிடம் தொடங்கிய எண் படியிறங்கி வந்து மருமகளிடம் நிற்கிறது. மனதை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு யார் பெரியவர் என்பதை அளந்திருக்கிறோம். இதை இப்படியே விட்டால் கூடத்தில் இருப்பவர் என்றைக்கும் தெளிவானவர், அடுப்படியில் இருப்பவள் என்றைக்கும் நோயாளி. இதற்கா இரண்டு வருடம் மழையிலும் சேற்றிலும் அலைந்தேன்?

நேராகக் கியெம் சாரிடம் போனேன்.

"சார், இந்த மதிப்பெண்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதீங்க. பெரியவங்க சொன்னதுக்கு ஒண்ணு கீழதான் சின்னவங்க சொல்றாங்க. ஒவ்வொருத்தரையும் தனியா கேட்கணும்."

அவர் கோபப்படவில்லை. இஞ்சி மிட்டாய்த் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"நான் எத்தனையோ வருஷமா இப்படித்தான்மா கேட்கிறேன். சனங்க மனசுல உள்ளதத்தான் சொல்வாங்க. சந்தேகமா இருக்கா? வா, நாமளே போட்டுப் பார்த்துடுவோம்."

இதுதான் சமயம் என்று நினைத்தேன். நான் ஆறு போடுவேன், அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

துறையில் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். "எனக்கு அஞ்சு" என்று சொல்லிக்கொண்டே எழுதித் தாளை நகர்த்தினார் கியெம் சார். எனக்கு மூத்தவர் லுவான் நாலு எழுதினார். தாள் என்னிடம் வந்தது.

பேனாவை அழுத்திப் பிடித்தேன். கியெம் சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், வாத்சல்யமாக. எனக்கு இந்த வேலையைக் கொடுத்தவர். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர். பேனா நகரவில்லை. பிறகு நகர்ந்தது. மூன்று.

லுவான் எட்டிப் பார்த்தார். "ஊருக்குத்தான் உபதேசமா?" என்றார் மெல்ல. எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த மீ யோசிக்காமல் இரண்டு போட்டாள்.

கியெம் சார் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"பார்த்தியாம்மா? யாராவது வற்புறுத்தினாங்களா? எல்லாரும் உண்மையத்தானே எழுதினீங்க?"

"ஆமா சார்" என்றோம். என் குரல்தான் முதலில் வந்தது.

மாலையிலேயே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டார். தோவாவின் மூன்றும் போய்விட்டது.