வலது மிதி

கேரவன் என்றால் எங்கள் தெருவுக்குச் சினிமாக்காரர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். வாசலில் வண்டி வந்து நின்றதும் எதிர்வீட்டு துர்காதேவி, "இன்னாக்கா, ஷூட்டிங்கா? யாரு ஈரோயினு?" என்றாள். "நான்தான்" என்று சொல்லிவிட்டு ஸ்டவ்வை உள்ளே ஏற்றினேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அதற்காக ஈரோயின் ஆகக் கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது.

வண்டி பக்கத்து ஊர் ஓரிக்கையில் இருக்கும் தேவசகாயத்துடையது. பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து வாடகைக்கு விடுகிறார். அதன் கூரையில் எங்கள் சர்ஃபிங் பலகையைக் கயிறு போட்டு நானே கட்டினேன். ஆறு வருடமாகப் பரணில் கிடந்த பலகை. கோவளத்தில் தொடங்கி, முன்பு அலை ஏறிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, பத்து நாள் மெதுவாகத் தெற்கே போவதாகத் திட்டம். ஓட்டுவதும் நான்தான். என் வீட்டுக்காரர் மணிவண்ணனால் ஓட்ட முடியாது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. கை திரும்பிவிட்டது. வலது கால் மட்டும் அரைகுறை. இழுத்து இழுத்து நடப்பார், ஆனால் அந்தப் பாதத்தால் எதையும் அழுத்த வராது. எங்கள் தறி தரையில் குழி தோண்டிப் போட்டது. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, வலது மிதி, இடது மிதி என்று மாற்றி மாற்றி மிதித்தால்தான் நெசவு நடக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு நாள் தறியில் உட்கார்ந்தார். எங்கள் மகன் தினேஷ் பக்கத்தில் நின்றான். இடது மிதி இறங்கியது. வலது மிதி அசையவே இல்லை. எழுந்து போய் டிவி முன்னால் உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு அந்த அறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

தினேஷ் தங்கமான பிள்ளைதான். "எதுக்குமா அந்தக் குழி? பாக்க பாக்க அவுருக்குத்தான் கஷ்டம். மண்ணு கொட்டி மூடி டைல்ஸ் போட்டுட்டா, அப்பாவுக்கு கீழயே ரூம் ஆயிடும்" என்றான். அன்பில்தான் சொன்னான். அதனாலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் இருக்கும்போதே அவர் குழியை மூடுவார்களா?

"அமாவாச வரைக்கும் அதுல கை வெக்காத" என்றேன்.

"சரிமா. மறுநாள் மேஸ்திரி வர்றாரு. சொல்லிட்டேன்."

"வரட்டும். நாங்க கெளம்பறோம்."

அமாவாசை என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் அமாவாசையன்று தறி ஓடாது. நெசவாளிக்கு அது விடுமுறை. மற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள், படுத்துத் தூங்குவார்கள். நாங்கள் பைக்கில் கடலுக்குப் போனோம். பதிமூன்று வருடத்துக்கு முன்னால் மாமல்லபுரத்துக் கடை ஒன்றுக்குப் புடவை கொடுக்கப் போனவர், மீனவர்கள் அலைமேல் நின்றுகொண்டு வருவதைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த அமாவாசைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஏழு வருடம் ஓர் அமாவாசைகூட விடவில்லை. நான் சுடிதாரோடு பலகையில் குப்புறப் படுத்திருக்கும் போட்டோ தெரு முழுக்கச் சுற்றியது. தினேஷுக்குப் பெண் பார்க்கும் நேரம் வந்தபோது, "இந்த மாதிரி வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள்" என்றார்கள். பயந்து பலகையைப் பரணில் ஏற்றினேன். அப்படிப் பயந்ததற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

அலை பழகிய காலத்தில் எங்களிடம் ஒரு தப்பு இருந்தது. பலகைமேல் நின்றால் கால் சும்மா இருக்க வேண்டும். எங்கள் கால் இருக்காது. தறியில் இருக்கிற நினைப்பில் மாற்றி மாற்றி மிதிக்கும். முன்னால் வைத்த இடது கால் மிதித்தால் பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தி, தலைகுப்புற விழுவோம். பின்னால் வைத்த வலது கால் மிதித்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும், மல்லாந்து விழுவோம். நான் ஒரே வருடத்தில் திருந்திவிட்டேன். அவர் கடைசிவரை திருந்தவில்லை. அப்போது ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த தினேஷ் கரையில் உட்கார்ந்து, அவர் விழுகிற தினுசைப் பார்த்து, "வலது மிதி! இடது மிதி!" என்று கத்துவான்.

கோவளத்தில் மூன்று நாள் இருந்தோம். காலையில் வண்டிக்குள் காபி, பிறகு கடல். முதல் நாள் அவர் பலகையில் படுத்து மட்டும் வந்தார். மூன்றாம் நாள் முட்டி போட்டார். கரையில் நடைப்பயிற்சி போன ஒருவர் என்னிடம் வந்து, "பெரியவர இப்டி தண்ணில போட்டு வதைக்கிறீங்களே, நல்லா இருக்குதாமா?" என்று கேட்டார். "ரொம்ப நல்லா இருக்குது, நீங்களும் வாங்க" என்றேன். ஆள் நகர்ந்துவிட்டார்.

மாமல்லபுரத்தில் எழுந்து நின்றார். நின்ற வேகத்தில் வலது கால் மடங்கி, பக்கவாட்டில் மூட்டை மாதிரி சரிந்தார். அங்கே இருந்த மூன்று நாளும் அதே சரிவுதான். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் தண்ணீரைத் துப்பிக்கொண்டு சிரித்தார். பிசியோ அறையில் பாதத்தை அழுத்தச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர் அவர். மகன் முன்னால் தறியில் தோற்றது அவரைத் தின்றுகொண்டிருந்தது. கடலில் விழ மட்டும் அவருக்கு வெட்கமே கிடையாது. ஏழு வருடம் விழுந்த இடமாயிற்றே.

மூன்றாவது இடம் கல்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே யாராவது ரிசார்ட் கட்டிவிடுவார்கள். வண்டியை நிறுத்தியதும் மீன் காயவைத்துக்கொண்டிருந்த அன்னம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். எங்களுக்குக் கடலில் காவல் நின்றவள் அவள்தான்.

"அடி, அமாவாசக்காரங்க" என்றாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள்.

அங்கேயே மெதுவாக நாட்களைக் கழித்தோம். மீன்குழம்பு வைத்தேன், அவர் தூங்கினார், சாயங்காலம் விழுந்தார். எல்லாம் பக்கவாட்டுச் சரிவுதான். பத்தாம் நாள் அமாவாசை. மறுநாள் மேஸ்திரி. அலை பெரிதாக இருந்தது. அன்னம்மாள் என் கையைப் பிடித்தாள்.

"இன்னிக்கி தண்ணி இழுக்கும்மா. நாளைக்கிப் போங்க."

"நாளைக்கி எங்க வூட்டுல குழிய மூடிடுவாங்க" என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களோடு இடுப்பளவு தண்ணீருக்கு வந்தாள்.

இரண்டு முறை சரிந்தார். மூச்சு வாங்கியது. எனக்குமே பயம் வந்துவிட்டது. "போதுங்க, ஏறிடலாம்" என்றேன்.

"நீயா சொல்ற, குழலி?" என்றார். ஏலவார்குழலி என்கிற என் முழுப் பெயரைக் கல்யாணப் பத்திரிகையோடு விட்டுவிட்டவர் அவர். "தள்ளு."

தள்ளினேன். அலை வாங்கிக்கொண்டது. முட்டி போட்டார், எழுந்தார், இடது கால் முன்னால், வலது கால் பின்னால். ஒரு நொடி, இரண்டு நொடி. சரியவில்லை. திடீரென்று பலகையின் மூக்கு வானத்தைப் பார்த்துத் தூக்கியது. அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மல்லாந்து விழுந்தார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அன்னம்மாள்தான் ஓடிப்போய்த் தூக்கினாள். அழுகை வந்தது, உப்புத் தண்ணீர் என்று பொய் சொல்ல எனக்கு அவசியமில்லை, நன்றாகவே அழுதேன்.

"மிதிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"நான் மிதிக்கலடி" என்றார். தன் காலையே யாருடையதோ போலப் பார்த்தார். "அதுவா மிதிச்சுது."

கரைக்கு வந்து ஈரக்கையோடு தினேஷுக்குப் போன் போட்டேன்.

"மா, நானே கூப்புடணும்னு இருந்தேன். மணல் லாரி வந்துக்கினு இருக்குது, நாளைக்கி காலைல..."

"வர்ற வண்டிய திருப்பி அனுப்பு."

"இன்னாமா ஆச்சு? அப்பா நின்னாரா?"

"வுழுந்தாரு."

"ஐயோ, அடி பட்டுதா?"

"மல்லாந்து வுழுந்தாருடா."

மறுமுனையில், தெருவில் யாரோ ஹாரன் அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, கரையில் உட்கார்ந்து கத்திய அந்தப் பழைய பிள்ளையின் குரலில், மெதுவாக, "வலது மிதியா?" என்றான்.

"வலது மிதி" என்றேன். அவன் அழுவது கேட்டது. அழட்டும் என்று விட்டேன்.

இவர் அதற்குள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்துத் தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?" என்று கத்தினேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போன வெச்சிட்டு வா. இன்னொரு வாட்டி வுழணும்."