கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு கன்னிப்பெட்டி

1

இந்தக் கதையை எழுத நான் உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு விழா மலர். வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஊர். (பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.) அங்குள்ள பள்ளிக்கூடத்துக்கு இந்த 1969-இல் பதினைந்தாவது ஆண்டு விழா. பள்ளியை ஆரம்பித்த சுவீடன் தேசத்து இங்க்ரிட் அம்மையாரைப் பற்றி மலருக்கு இரண்டு பக்கம் கேட்டார்கள். 'அன்னார் ஏற்றிய கல்விச் சுடர் இன்றும்...' என்றெல்லாம் எழுதிக் கொடுத்தேன். சிவகாசியில் அச்சுக்கும் போய்விட்டது. அந்த இரண்டு பக்கத்தில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லப் பார்க்கிறேன். இங்கே அன்னார் கிடையாது, அவள்தான்.

2

முதல் தொடக்கம்: 'கப்பலிலிருந்து இறங்கியபோது அவளுக்கு வயது இருபத்து நான்கு. கடற்காற்றில் அவளுடைய பொன்னிறக்...'

வேண்டாம். நான் கப்பலையே பார்த்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'வேகாத வெயிலில் ராக்கப்பன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்த வெள்ளைக்காரி எழுந்திருக்கிற வழியாக இல்லை.'

இது தேவலை. ராக்கப்பன் கம்பும் பருத்தியும் போடுகிற மானாவாரிச் சம்சாரி. அவர் மகள் சண்முகத்தாய்க்கு அப்போது ஏழு வயது. ஊரில் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார்கள். வயசுக்கு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தக் கூடாது என்று கேட்கத்தான் இங்க்ரிட் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"ஆளான பிள்ளைய எப்படிம்மா அனுப்புறது? ஊரு சிரிக்காதா?" என்றார் ராக்கப்பன்.

"ஆளானால் படித்த எழுத்து மறந்துவிடுமா, ஐயா?" என்றாள் அவள், புத்தகத்தில் கற்ற தமிழில்.

ராக்கப்பன் சிரித்துவிட்டார். மகளை எட்டாவது வரை நிறுத்த மாட்டேன், தேறினால் பாளையங்கோட்டைக்கு வாத்தியார் படிப்புக்கும் அனுப்புவேன் என்று கையடித்துக் கொடுத்தார். பள்ளிக்கூடம் கட்ட இடமும் அவர் கொடுத்ததுதான். (நல்ல மனிதர். இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் நம்ப மாட்டீர்கள்.)

3

1957-இல் டைபாய்டு காய்ச்சலில் இங்க்ரிட் செத்துப்போனாள். அவளை அனுப்பிய மிஷன்காரர்கள் தங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஊருக்கு அது போதவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் ஒரு பெண் செத்தால் அவள் கன்னித் தெய்வம். ஓலைப்பெட்டியில் சேலை, வளையல், சீப்பு வைத்து வீட்டுச் சாமியாகக் கும்பிடுவோம். தொரசாணிக்கு (ஊர் அவளை அப்படித்தான் கூப்பிட்டது) இங்கே வீடு ஏது? பள்ளிக்கூடம்தான் வீடு.

பெட்டியை வைத்தது சண்முகத்தாய். பத்து வயதுப் பிள்ளை அழுதுகொண்டே தன் புதுக் கண்ணாடி வளையலைக் கழற்றி உள்ளே போட்டு, கரும்பலகைக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தாள்.* அந்த வருஷம் பார்த்து மழையும் பெய்து தொலைத்தது. பிறகு கேட்க வேண்டுமா? செவ்வாய், வெள்ளி பூஜை. பரீட்சை வந்தால் தேங்காய். வேதக்காரரான, அதாவது கிறிஸ்தவரான, தங்கச்சாமி வாத்தியார் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாடம் நடத்தினார்.

(* மலரில் இந்தப் பெட்டிக்கு 'நினைவுச் சின்னம்' என்று பெயர்.)

4

1961 மாசியில் சண்முகத்தாய் ஆளானாள். பங்குனியில் எட்டாவது பரீட்சை.

"சாமி இருக்க எடத்துக்கு ஆளான பிள்ள போகலாமா தாயி?" என்றார் ராக்கப்பன்.

"வாக்குக் குடுத்தீகளே அய்யா."

"தொரசாணிக்குக் குடுத்தேன். அவுக உசுரோட இருந்தா பொறுத்துக்கிடுவாக. சாமி பொறுக்குமா?"

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. எதைத் தடுக்க இங்க்ரிட் வெயிலில் உட்கார்ந்தாளோ, அதை அவள் பேரைச் சொல்லியே செய்தார்கள். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

(கதைக்கு ஒரு வில்லன் வேண்டியிருக்கிறது. தேடினேன். அகப்பட்டவனைக் கீழே தருகிறேன்.)

5

ராக்கப்பனுக்கு ஒரு மகனும் உண்டு, செல்லப்பாண்டி. தங்கையைவிட ஒரு வயது மூத்தவன். ஒரு வருஷம் தவறி, அவளோடு அதே எட்டாவதில் இருந்தான். கணக்கு வராவிட்டால் அவளிடம்தான் கேட்பான். முதல் நான்கு பிரதியிலும் இவனை அடித்துவிட்டேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் கிணற்றடியில் அவள் அவனைப் பிடித்தாள்.

"அண்ணே, பெட்டி இருக்க எடம்தான கோயிலு? காலையில குளிச்சிட்டுப் போயி அத வேப்பமரத்தடியில எறக்கி வச்சிரு. எழுதி முடிச்சதும் திரும்ப வச்சிரலாம். அய்யா சரின்னுட்டாக. தன் கையால தொடத்தான் பயப்படுதாக."

(வாத்தியாரைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். வேதக்காரர் அதைத் தொட்டிருந்தால் ஊர் இரண்டுபட்டிருக்கும்.)

"சரி," என்றான் செல்லப்பாண்டி.

6

முடிவு ஒன்று: அவன் பெட்டியை இறக்கி வைத்தான். சண்முகத்தாய் தேறி, பாளையங்கோட்டை போய், டீச்சராக அதே பள்ளிக்கு...

முடிவு இரண்டு: அவளே உள்ளே போனாள். சாமி ஒன்றும் செய்யவில்லை. ஊர்...

இரண்டும் எழுத எழுத இனிக்கிறது. அதனாலேயே நிறுத்திவிட்டேன்.

நடந்தது இது. காலையில் குளித்தான். மாடத்துக்கு முன்னால் நின்றான். ஏற்கெனவே ஒரு தடவை தவறியவன். இந்தத் தடவையாவது தேற வேண்டும் என்று அந்தக் கன்னிக்குத்தான் தேங்காய் நேர்ந்திருந்தான். நீட்டிய கையை மடக்கிக் கும்பிட்டுவிட்டு, போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான். ஜன்னல் வழியே அவள் மரத்தடியில் நிற்பது தெரிந்தது. மணியடித்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள்.

சாயங்காலம் அவளிடம், "தொடப்போனேன், கை தீயா எரிஞ்சிருச்சு," என்றான். அது ஊர் முழுக்கப் பரவியது. அன்றிலிருந்து ஆளான பிள்ளை ஒன்றுகூட அந்த வாசலை மிதித்ததில்லை.

அவன் தேறினான். பாளையங்கோட்டையில் படித்து, விருதுநகரில் வாத்தியாராக இருக்கிறான். செல்லப்பாண்டி நான்தான்.

7

சண்முகத்தாயைத் தாயில்பட்டியில் கட்டிக்கொடுத்தோம். வீட்டில் இருந்தபடி வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறாள். கம்பெனியிலிருந்து பழைய புத்தகத் தாள் கட்டுக்கட்டாக வரும். ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டுத்தான் உருட்டுவாள். போன மாதம் போனபோது மலரைப் பற்றிச் சொன்னேன்.

"தொரசாணியம்மாளப் பத்தியா? நல்லா எழுதுண்ணே," என்றாள். குழாயிலிருந்து கையை எடுக்காமலே, "அவுகளுக்குத்தான் நான் பரீட்ச எழுதுறதுல இஷ்டமில்லாமப் போச்சு," என்றாள்.

எட்டு வருஷமாக அவள் அப்படித்தான் நம்பியிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.

இந்தக் கதையை எழுதி முடித்து அவளிடம் கொடுப்பதாக இருக்கிறேன். அவள் வாசிப்பாள். வாசித்து முடித்ததும் தலை நிமிர்ந்து என்னிடம் ஒன்று சொல்வாள். அந்த ஒரு வரியை ஏழு தடவை எழுதி ஏழு தடவையும் அடித்துவிட்டேன். நான் எழுதினால் ஒவ்வொரு தடவையும் அவள் என்னை மன்னித்துவிடுகிறாள். அதனால் அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.