சண்டை வராது என்று எழுதியவர்

மோர்னிங்சைட் பிளாசாவின் மூலையில் இருந்த மளிகைக் கடைக்குள் கனகசிங்கம் நுழைந்தபோது சனிக்கிழமை காலை ஒன்பது மணிகூட ஆகியிருக்கவில்லை. முருங்கைக்காய்ப் பெட்டியை உடைத்துக்கொண்டிருந்த பேர்ணடெற் நிமிர்ந்து, "வாங்கோ அண்ணை" என்றாள். கடை அவளுடையதும் அவள் புருசனுடையதும். கனகசிங்கம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கதவோரம் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்த இலவசப் பத்திரிகைக் கட்டின் முன்னால் போய் நின்றார். நேற்றுப் பின்னேரம் போட்ட கட்டு. பத்துப் பன்னிரண்டு பிரதி போயிருக்கும். அவர் குனிந்து மிச்சம் எல்லாவற்றையும் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"என்ன அண்ணை, பேப்பரில ஏதும் பிழை விட்டிட்டினமோ?"

"ஓம். சின்னப் பிழை ஒண்டு. வேற கொண்டுவந்து போடுவினம்."

பேர்ணடெற் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி கிட்ட வந்தாள். "உங்கட பக்கத்திலயோ? நான் அதை நேற்றே வாசிச்சிட்டன். ஒவ்வொரு கிழமையும் முதல் அதைத்தான் வாசிக்கிறனான். கம்போடியாவில இனிச் சண்டை வராதெண்டு எழுதியிருந்தியள். காலமை ரிவியில டாங்கி போகுது, ஆக்கள் ஓடுகினம். நான் இவரிட்டைச் சொன்னன், கனகசிங்கம் அண்ணை சும்மா எழுதமாட்டார், இது வேற ஏதோ நாடாயிருக்குமெண்டு."

மூன்று வருடமாக அவர் எழுதிக்கொண்டிருக்கிறார். கோயிலிலோ கலியாண வீட்டிலோ யாராவது ஒருவர் தோளைத் தட்டி, போன கிழமை நீங்கள் எழுதினதை வாசித்தேன் என்று சொல்லமாட்டாரா என்று ஏங்கியிருக்கிறார். அப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தார். இப்போது வாசகி ஒருத்தி முன்னால் வந்து நிற்கிறாள். "இல்லைப் பிள்ளை, அதே நாடுதான்" என்று முணுமுணுத்துவிட்டு வெளியே வந்து, கட்டைக் காரின் டிக்கிக்குள் போட்டு மூடினார்.

ஊரில், திருகோணமலைத் துறைமுகத்தில், சுங்க எழுதுவினைஞராக இருந்தவர் கனகசிங்கம். மேசை, விசிறி, ரப்பர் முத்திரை, கையெழுத்துக்காகக் காத்து நிற்கும் ஆட்கள் என்று இருந்தவர். இங்கே கனடாவில், மார்க்கம் நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் கார்க் கதவுகளுக்குக் கைப்பிடி பூட்டுகிறார். அங்கே அவரைச் 'சிங்' என்று கூப்பிடுகிறார்கள். கிழமை நாட்களில் சிங்காக இருப்பதைத் தாங்கிக்கொள்ள அவருக்கு இருந்தது சண்முகநாதன் நடத்தும் வாரப் பத்திரிகையின் ஏழாம் பக்கம். சனிக்கிழமைகளில் நகரத்துப் பெரிய நூலகத்துக்குப் போய் ஹொங்கொங்கிலிருந்தும் பாங்கொக்கிலிருந்தும் வரும் பத்திரிகைகளைப் படித்துக் குறிப்பெடுப்பார். ஊர்ச் செய்தியை எல்லோரும் எழுதுகிறார்கள். உலகத்தை எழுத ஒருவர் வேண்டாமா என்பது அவர் கட்சி. கம்போடியா அவருக்கு விசேஷமாகப் பிடித்துப்போனது. ஒரே நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள். முதலாம் பிரதமர் அரசரின் மகன். இரண்டாமவரின் பக்கம் படை. அரசரோ முதுமையும் நோயுமாகப் பீக்கிங்கில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாட்டுச் சட்டத்தில் தகப்பனுக்குப் பிறகு மகன் என்று கிடையாது, ஒரு சபை கூடித்தான் அடுத்தவரைத் தெரிய வேண்டும். 'அடுத்த அரசர் யார்?' என்று நான்கு கிழமை தொடராக எழுதினார். வயோதிப அரசரின் ஆசீர்வாதம் இரண்டு பக்கத்துக்கும் வேண்டும், ஆகவே அவர் உயிரோடு இருக்கும்வரை எந்தப் பக்கமும் முதல் வெடியை வைக்காது என்று இந்தக் கிழமை தொடரை முடித்தார். தலைப்பு கொட்டை எழுத்தில் வந்திருந்தது: கம்போடியாவில் இனிச் சண்டை வராது.

அதை எழுதியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனைவி கோணேஸ்வரியின் தங்கச்சி குணவதியைக் களவாகக் கனடாவுக்கு எடுப்பதற்கு ஒரு ஏஜென்ற் கொழும்பில் அகப்பட்டான். பாங்கொக்கில் தங்கி அங்கிருந்து விமானம் பார்க்கலாம், அல்லது கம்போடியத் தலைநகர் நொம்பென்னில் இருந்து பார்க்கலாம், எது விருப்பம் என்று மே மாதம் கேட்டான். கோணேஸ்வரிக்கு நொம்பென் என்ற பெயரைக் கேட்கவே பயமாக இருந்தது. பாங்கொக்கில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் இருக்கினம், பேச்சுத்துணைக்காவது ஆள் இருக்கும் என்றாள். கனகசிங்கம்தான் வரைபடத்தை விரித்து வைத்து ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். பாங்கொக்கில் பொலிஸ் விடுதி விடுதியாகப் புகுந்து பிடிக்கிறான். நொம்பென்னில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அங்கே சண்டை முடிந்துவிட்டது, அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரியும் என்றார். "நீங்கள் சொன்னால் சரி" என்று அவள் எழும்பிப் போனாள். குணவதி ஜூன் நடுப்பகுதியில் வேறு ஐந்து பேரோடு அங்கே போய் இறங்கினாள். இரண்டு தடவை ரெலிபோன் எடுத்தாள். இடம் பரவாயில்லை, சனம் நல்ல சனம், பின்னேரமானால் மழை பெய்கிறது என்றாள்.

இன்று காலை ஏழு மணிக்கு ரிவியைப் போட்டபோது கோணேஸ்வரி தேநீரோடு வந்துகொண்டிருந்தாள். ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் காட்டினார்கள். சந்தியில் ஒரு டாங்கி. மோட்டார் சைக்கிளில் மெத்தையைக் கட்டிக்கொண்டு ஒரு குடும்பம். அவள் கோப்பையை மேசையில் வைத்தாள், தேநீர் சிந்தவில்லை. ரெலிபோனடிக்குப் போய், குணவதி தங்கியிருந்த விடுதியின் இலக்கத்தை அழுத்தினாள். ஒரு பெண்ணின் பதிவு செய்த குரல் விளங்காத மொழியில் ஏதோ சொன்னது. மறுபடி அழுத்தினாள். கனகசிங்கம் கதவடியில் நின்று பார்த்தார். ஒரு சொல் ஏசியிருந்தால் அவர் அங்கேயே நின்றிருப்பார். அவள் திரும்பியே பார்க்கவில்லை. கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்.

ஆறாவது கடையில் கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, சண்முகநாதனின் வெள்ளை வான் அவருடைய காருக்குக் குறுக்கே நின்றது. சண்முகநாதன் நாற்பது வயதுக்காரர். எழுதுவது, விளம்பரம் பிடிப்பது, அச்சகத்துக்கு ஓடுவது, கடை கடையாகப் போடுவது எல்லாம் அவர் ஒருவரே. நித்திரை காணாத கண்ணோடு இறங்கினார்.

"மூண்டு கடையில இருந்து எனக்குக் கோல் அண்ணை. பேப்பர் இல்லையாம். உங்களுக்கு என்ன நடந்தது?"

"நான் எழுதினது பிழைச்சுப்போச்சு, சண். இண்டைக்கு அது வெளியில கிடக்கக்கூடாது."

"அதுக்கு?"

"ஏழாம் பக்கத்தை உருவிப்போட்டுத் திருப்பி வைப்பம். நானே செய்யிறன்."

சண்முகநாதன் டிக்கியைத் திறக்கச் சொன்னார். உள்ளே குவிந்து கிடந்ததைப் பார்த்தார். மேலே கிடந்த ஒரு பிரதியை எடுத்து ஏழாம் பக்கத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தைக் காட்டினார். எட்டாம் பக்கத்தில் இரண்டு மரண அறிவித்தல், ஒரு முப்பத்தோராம் நாள் அழைப்பு. அவர் குரல் உயரவில்லை. "இந்தக் கிழவி செத்தது மானிப்பாயில. மகன் இஞ்ச நைற் ஷிவ்ற் வேலை. ஆருக்கும் சொல்ல நேரமில்லை, பேப்பரில போடுங்கோ எண்டு வந்தவன். இண்டைக்குப் பின்னேரம் வீட்டில பூசை. உங்கட பக்கத்தைக் கிழிச்சால் அவன்ர அம்மாவும் போயிடுவா."

கனகசிங்கத்துக்கு அந்தக் கிழவியின் படத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்கக்கூடாது" என்றார் சண்முகநாதன். "உதை ஆர் அண்ணை வாசிக்கினம்? நீங்கள் பாவம், கஸ்டப்பட்டு எழுதுறியள், நானும் போடுறன். பிழைச்சாலும் ஒருத்தருக்கும் தெரியாது. சரியா வந்திருந்தாலும் தெரியாது. கொண்டுபோய் வையுங்கோ."

ஒருத்தி வாசிக்கிறாள் என்று சொல்ல வாய் உன்னியது. அதைச் சொல்லி இன்றைக்கு என்ன ஆகப்போகிறது என்று விழுங்கிக்கொண்டார். குணவதி அங்கே நிற்பது சண்முகநாதனுக்குத் தெரியாது. ஏஜென்ற் சங்கதியை யாருக்கும் சொல்லக்கூடாது என்று கோணேஸ்வரி கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கியிருந்தாள். எடுத்த கடைகளிலேயே ஒவ்வொரு கட்டாகத் திருப்பி வைத்தார். பேர்ணடெற்றின் கடையில் அவள் காசு வாங்கும் மேசையில் நின்றாள்; கட்டைப் பார்த்து, "திருத்திப்போட்டினமோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றார். அவள் அப்போதே ஒன்றை எடுத்து விரிக்கத் தொடங்கினாள். அவர் அவசரமாக வெளியேறினார்.

வீட்டுக்கு வந்தபோது கோணேஸ்வரி ரெலிபோனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். எங்கே போனீர்கள் என்று அவள் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். சொல்லிக்கொண்டு போகப் போகத் தன்மேலேயே ஆத்திரம் வந்து, இனி ஒரு வரி எழுதமாட்டேன் என்றும் குறிப்பெடுத்த கொப்பியெல்லாவற்றையும் குப்பையில் போடப்போகிறேன் என்றும் உரக்கச் சொன்னார். அவருடைய கையெழுத்துக் கோழி கிளறினது போல இருக்கும். அதனால் கட்டுரையைச் செப்பமாகப் பிரதி எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். புதன்கிழமை சமையல் முடித்துக் கைகழுவி, அதே மேசையில் இருந்து, ஒரு சொல் விடாமல் எழுதினவள்.

"எனக்குப் பயமாத்தான் இருந்தது" என்றாள் கோணேஸ்வரி. "சண்டை வராது எண்டு என்ர கையால எழுதேக்குள்ள நிம்மதியா இருந்தது. நானும்தானே எழுதினன். உங்களை என்னெண்டு ஏசிறது?"

அதற்குப் பிறகு நான்கு நாள். விமான நிலையத்தைப் படையினரே சூறையாடிவிட்டார்கள், விமானங்கள் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது. கொழும்பு ஏஜென்ற் ரெலிபோனை எடுப்பதை நிறுத்திவிட்டான். செஞ்சிலுவைக்காரருக்குச் சொல்லலாம் என்றால் குணவதியின் கையில் இருந்தது வேறொருத்தியின் பெயரில் உள்ள கடவுச்சீட்டு. என்ன பெயரைச் சொல்லித் தேடச் சொல்வது? திங்கட்கிழமை வேலையில் கனகசிங்கம் இடப்பக்கக் கைப்பிடியை வலப்பக்கக் கதவில் பூட்டினார், மேற்பார்வையாளன் கத்தினான். மதிய இடைவேளையில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையை வாங்கி, நின்ற நிலையிலேயே வாசித்தார். அரசர் பீக்கிங்கில் இருந்து சமாதானம் வேண்டி அறிக்கை விடுகிறார். இளவரசர் பிரான்சில். இரண்டாம் பிரதமர் தலைநகரைப் பிடித்துவிட்டார். அடுத்த அரியணைப் பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்று அவராலேயே இரண்டு பக்கம் எழுத முடியும். ஒரு விடுதியின் மூன்றாம் மாடியில் இருந்த பெண்பிள்ளை எங்கே என்று சொல்லும் ஒரு வரி அந்தப் பத்திரிகையில் கிடையாது. அதை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார், பிறகும் மடிக்கப் பார்த்து முடியாமல் எறிந்தார்.

புதன்கிழமை மாலை எட்டு மணிக்கு, வெயில் இன்னும் யன்னலில் இருக்கும்போது, ரெலிபோன் அடித்தது. கோணேஸ்வரி எடுத்தாள். "குணம்" என்று ஒரு சத்தம் போட்டாள், பிறகு "ஓம்... ஓம்... சாப்பிட்டியா?" என்று அழுதாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு ரிசீவரை அவரிடம் நீட்டினாள். "உங்களைத்தான் கேக்கிறாள்."

அங்கே காலை. குணவதியின் குரல் ஆச்சரியப்படும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு சொல்லும் ஒருமுறை எதிரொலித்தது. "அத்தான், நான் சுகமா இருக்கிறன். முதல் நாள் எங்கட றோட்டிலதான் அடிபட்டது. கட்டிலுக்குக் கீழ கிடந்தம். ஏஜென்ற்ர ஆள் பாஸ்போர்ட்டெல்லாத்தையும் கொண்டு ஓடீட்டான். இப்ப ஒரு லொறி தாய்லாந்து எல்லைக்குப் போகுதாம். எங்கட ஆக்களில மூண்டு பேர் ஏறப்போகினம். ரெண்டு பேர் இஞ்சயே இருக்கிறமெண்டினம், இனி அமைதியாயிடுமாம். என்னை எது எண்டு கேக்கினம்." இடையில் இருமினாள். "நான் சொன்னன், என்ர அத்தானுக்கு இந்த நாட்டைப்பற்றி எல்லாம் தெரியும், பேப்பரில எழுதிறவர், கேட்டுச் சொல்லுறன் எண்டு. அவையளும் பாத்துக்கொண்டு நிக்கினம். சொல்லுங்கோ அத்தான். போகவோ, இருக்கவோ?"

அவருக்கு வரைபடம் கண்ணுக்கு முன்னால் வந்தது. எல்லைக்குப் போகும் வீதி, அதில் தோற்றுப் பின்வாங்கும் படை இருக்கக்கூடிய இடங்கள், எல்லையில் கடவுச்சீட்டில்லாத பெண்ணைப் பிடித்தால் நடப்பது. தலைநகரில் இருந்தால் வீடு வீடாகச் சோதனை வரலாம், வராமலும் விடலாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. போன கிழமையும் இருந்தது.

"குணம்," என்றார், "எனக்குத் தெரியேல்லை."

தெரியேல்லை என்று அவர் குரல் அங்கே போய்த் திரும்பி வந்தது. ரெலிபோன் கார்ட் முடியப்போகிறது என்று ஒரு சின்ன ஒலி விட்டு விட்டு அடிக்கத் தொடங்கியது. கோணேஸ்வரி அவருடைய முழங்கையைப் பிடித்தாள்.

"தெரியாட்டியும் சொல்லுங்கோ" என்றாள். "அவள் ஆரிட்டைப் போய்க் கேப்பாள்?"

கனகசிங்கம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். அங்கே மழை தொடங்கியிருந்தது. தகரக் கூரையில் விழும் சத்தம் முதலில் தனித்தனியாகவும் பிறகு ஒன்றாகவும் கேட்டது. அதற்குள் எங்கோ ஒரு லொறியின் எஞ்சின் உறுமிக்கொண்டு நிற்க, யாரோ ஒருவர் தமிழில், "பிள்ளை, என்ன சொல்லுறார்?" என்று கேட்டார்.