சிரட்டை முள்ளெலி

எங்கள் வீட்டில் டொய்லெட் ரோல் வாங்குவதில்லை. தண்ணீர்தான். ஜெர்மனியில் இருந்த காலமெல்லாம் அப்படித்தான், லண்டனில் மோர்டனுக்கு வந்த பிறகும் அப்படித்தான். மகள் யசோதினியின் பள்ளிக்கூடத்தில் அந்த ரோலின் மட்டையை வைத்து மிருகம் செய்யப் போகிறார்கள் என்று கேள்விப்படும்வரை அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அது 2009 ஐப்பசி. வீட்டில் எறிகிற சாமான்களைக் கொண்டுபோய், அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு சேர்ந்திருந்து இலையுதிர்கால மிருகம் ஒன்று செய்யவேண்டுமாம். அணில், நரி, முள்ளெலி, எதுவென்றாலும் சரி.

"அப்பா வரட்டும். நீங்கள் வேண்டாம் அம்மா," என்றாள் யசோதினி.

ஏனென்று எனக்குத் தெரியும். என்னுடைய இங்கிலீஷ் அவளுக்கு வெட்கம். காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வீதியைக் கடக்கிற கடவை வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். அங்கே உதறிவிட்டு ஓடிவிடுவாள். நானும் அந்த இடத்திலேயே நின்றுவிடுவேன். சித்திரையில், வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் சனத்தோடு சனமாக நின்று தொண்டை கிழியக் கத்தியவள் நான். ஒரு டீச்சருக்குக் 'குட் மோர்னிங்' சொல்ல மட்டும் வாய் வராது. பெற்ற பிள்ளை என்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்ற நினைப்பு நெஞ்சுக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

"எனக்கு ஷிப்ட் மாத்த ஏலாது. நீர் போம்," என்றார் என் கணவர் கிருஷ்ணராசா.

"போய் என்னத்தைக் கதைக்கிறது?"

"அங்க என்ன பேச்சுப் போட்டியே வைக்கினம்? ஒட்டுற வேலைதானே."

அந்த மனிசனுக்கு எல்லாம் லேசுதான். எறிகிற சாமானுக்கு நான் எங்கே போவேன்? ஐஸ்கிரீம் பெட்டிக்குள் மிளகாய்த்தூள் இருக்கிறது. ஜாம் போத்தலுக்குள் கடுகு இருக்கிறது. கடைசியில் குப்பை வாளிக்குள் கிடந்தது, சம்பலுக்குத் துருவிய தேங்காயின் சிரட்டை. இரண்டு பாதியையும் கழுவிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வகுப்பில் மற்றத் தாய்மார் முட்டைப் பெட்டியும் மட்டையும் பொத்தானும் பரப்பியிருந்தார்கள். யசோதினி என் பைக்குள் பார்த்துவிட்டு, அதைக் காலால் மேசைக்குக் கீழே தள்ளினாள்.

"ஏன் அம்மா இதைக் கொண்டந்தனீங்கள்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வந்தது வந்தாச்சு. இப்ப ரெண்டு பேரும் முழிச்சுக்கொண்டு இருக்கிறதே?" என்று பையைத் தூக்கி மேசையில் வைத்தேன்.

இரண்டு பாதியையும் பொருத்தி டேப் சுற்றினேன். குடுமியைப் பிய்த்ததும் தேங்காயின் மூன்று கண்ணும் தெரிந்தன. கைப்பைக்குள் கிடந்த சீப்பை எடுத்து, சிரட்டையில் ஒட்டியிருந்த தும்பு நாரை எதிர்ப்பக்கமாக வாரினேன். தும்பெல்லாம் முள்ளு முள்ளாக எழும்பி டேப்பை மறைத்தது. படுக்க வைத்தேன். முகத்தோடு ஒரு முள்ளெலி மேசையில் இருந்தது.

பக்கத்து மேசையில் எமில்டா என்ற பிள்ளை இருந்தாள். அவளுடைய முட்டைப் பெட்டி முள்ளெலியில் ஒட்டிய முள்ளெல்லாம் கழன்று கொட்டிக்கொண்டிருந்தது. அழப்போனவள் என்னுடையதைக் கண்டதும் எழும்பி வந்து ஏதோ படபடவென்று கேட்டாள். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. யசோதினியைப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்திருக்கவே கூடாது என்று நினைத்தேன்.

எமில்டா விடவில்லை. முள்ளெலியின் முகத்தைத் தொட்டுத் திரும்பவும் கேட்டாள்.

"அந்த முகத்தை ஒருத்தரும் பேனையால கீறேல்லை," என்று யசோதினி இங்கிலீஷில் முணுமுணுத்தாள். அவ்வளவு எனக்கு விளங்கும். பிறகு பென்சிலை எடுத்தாள். ஒரு கண்ணில் குத்தினாள், இறங்கவில்லை. அடுத்ததிலும் இறங்கவில்லை. மூன்றாவதில் பென்சில் உள்ளே போய்விட்டது. "இதுதான் வாய். இதில ஓட்டை போட்டுத்தான் எனக்குத் தண்ணி குடிக்கத் தருவா."

"யார்?"

"மை அம்மா."

உரத்துச் சொன்னாள். கத்தரின் டீச்சரும் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு பிள்ளைகள் எங்கள் மேசையைச் சுற்றி மொய்த்துவிட்டார்கள். ஆளுக்கொரு தரம் முள்ளெலிக்குத் தலை வாரவேண்டுமாம். யசோதினி சீப்பை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கச் சொல்லி அதிகாரம் பண்ணினாள். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனாலும் அவளுடைய வெட்கம் போய்விட்டது என்று நான் பெரிதாக நம்பவில்லை. அடுத்த நாள் காலை கடவையில், அவள் உதறுவதற்கு முன் நானே கையை விட்டுவிட்டு நின்றேன். இரண்டடி போனவள் திரும்பி வந்தாள்.

"ஏன் அம்மா நிக்கிறீங்கள்?"

என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்கோவன். எமில்டா பாத்துக்கொண்டு நிக்கிறாள். சீப்புக் கொண்டந்தனீங்களோ?"

"ஓம்," என்றேன். கடவையைத் தாண்டினோம். வாசலில் நின்ற கத்தரின் டீச்சருக்குக் 'குட் மோர்னிங்' சொன்னேன். பாராளுமன்றத்துக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யசோதினி விழுந்து விழுந்து சிரித்தாள், கையை மட்டும் விடவில்லை.